சொந்தக்காரர் இல்லாத ஆறு

மெல்பேர்னின் கிரான்பர்ன் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் சமையல் வேலை செய்யும் கமலேஸ்வரி பாரிஸ் பார்த்திருக்கிறாள். அதாவது, பாரிஸில் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் இருத்திவைத்த செற்றியைப் பார்த்திருக்கிறாள். லண்டனில் பார்த்தது பெரியம்மா மகள் புதிதாக இழுத்துக் கட்டிய குசினி. ரொறன்ரோவில் வயதுக்கு வந்த ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்கு மண்டபம். நயாகராவுக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள்தான். கார் தரிப்பிடத்தில் இறக்கி, தண்ணீர் இருந்த பக்கத்தைக் கையால் காட்டி, ஆட்டிறைச்சிக் கறி ஆறிவிடும் என்று திரும்பவும் ஏற்றினார்கள்.

அவளுடைய கணவர் ஜெயரட்ணத்துக்கு இதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. ஒரு நாட்டுக்குப் போய் அங்கே இருக்கும் சொந்தத்தைப் பார்க்காமல் திரும்புவது அவருக்குச் செத்தவீட்டுக்குப் போகாமல் விடுவதுபோல. இலங்கைச் சண்டையில் குடும்பம் உலகமெல்லாம் சிதறிப்போனதை எல்லோரும் துயரமாகச் சொல்வார்கள். அவரும் சொல்வார். ஆனால் எந்த விமான நிலையத்தில் இறங்கினாலும் ஒருவன் காரோடு நிற்பான் என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

அதனால்தான் கமலேஸ்வரி கப்பலைத் தெரிவு செய்தாள். மகள் துவாரகா கணினியில் காட்டிய படங்களில் டான்யூப் ஆறு இருந்தது, பழைய நகரங்கள் இருந்தன, ஒரு மைத்துனனும் இருக்கவில்லை. ஒரு நகரத்தில் ஒரு பகல். பின்னேரம் கப்பல் வெளிக்கிட்டுவிடும். "அம்மா, யூ ஆர் எஸ்கேப்பிங்," என்று துவாரகா சிரித்தாள். கமலேஸ்வரி சிரிக்கவில்லை. ஒரு நகரத்தையாவது தன் காலால் நடந்து பார்க்கவேண்டும், அவ்வளவுதான். ஜெர்மனியில் கப்பல் நிற்கும் ரேகன்ஸ்பர்க்கின் கல்பாலத்தையும் பெரிய தேவாலயத்தையும் பற்றிக் குளிர்காலம் முழுக்க வாசித்து வைத்திருந்தாள்.

கப்பல் ரேகன்ஸ்பர்க்கில் நின்ற காலை வழிகாட்டிப் பெண் சிவப்புக் குடையை உயர்த்திக்கொண்டு கரையில் நின்றாள். வழிகாட்டியின் பேச்சைக் கேட்கக் காதில் மாட்டும் கருவியோடு கமலேஸ்வரி இறங்கினாள், பின்னால் ஜெயரட்ணம்.

"மச்சாள், இஞ்சாலை," என்று ஒரு குரல் கேட்டது.

கணவரின் தங்கை யோகராணி. பக்கத்தில் அவள் புருசன் உமாசுதன், கார்த் திறப்பை விரலில் சுழற்றியபடி. இருவரும் அந்த நகரத்துக்கு வெளியே ஒரு மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள்.

கமலேஸ்வரி அவர்களைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தாள். அவர் குனிந்து சப்பாத்து நாடாவை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"கப்பல் எங்கையெங்கை நிக்குமெண்டு குடும்பக் குறூப்பிலை போட்டனான்," என்றார் நிலத்தைப் பார்த்து. "சொல்லாமல் போனால் ராணி கோவிப்பாள்."

"விடிய எழும்பி இடியப்பம் அவிச்சனான். கெதியா வாங்கோ, கார் பிழையான இடத்திலை நிக்குது," என்றாள் யோகராணி.

"நாங்கள் ஊர் பாக்கப் போறம்."

"உந்தக் கல்லுகளையோ?" உமாசுதன் சிரித்தான். "அக்கா, நான் இஞ்சை இருவது வருசத்துக்கு மேலை இருக்கிறன். அந்தப் பக்கம் பார்க்கிங்கே இல்லை."

கமலேஸ்வரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இருபது வருடம் ஓர் ஊரில் சீவித்த மனிதன் அதைப்பற்றிக் கண்டுபிடித்தது பார்க்கிங் இல்லை என்பதை.

"பெரிய தேவாலயத்துக்குள்ளை போனதே இல்லையோ?"

"அது வேதக்காரற்றை கோயிலெல்லோ," என்றாள் யோகராணி. "நாங்கள் வருசா வருசம் ஹம்மிலை அம்மன் தேருக்குப் போறனாங்கள்."

ஹம் எங்கே, இது எங்கே. அரை நாள் கார் ஓட முடிந்தவர்களுக்கு ஆற்றங்கரையிலிருந்து கொஞ்சத் தூரம் நடக்க முடியவில்லை. இவளைச் சொல்லி என்ன? மெல்பேர்னிலேயே ஜெயரட்ணத்துக்குத் தெரிந்தவை கோயில், தமிழ்க்கடை, கலியாண மண்டபம்.

அவர் கிட்டவந்து குரலைத் தாழ்த்தினார். "இஞ்சேர், ஆக்களுக்கு முன்னாலை மானத்தை வாங்காதையும். ஒரு மணித்தியாலம் இருந்திட்டு வருவம்."

அந்த ஒரு மணித்தியாலத்தை அவள் மூன்று கண்டங்களில் அனுபவித்தவள். இடியப்பம், பிறகு ரோல்ஸ். பிறகு அந்த வீட்டு மகளின் சாமத்திய வீட்டு வீடியோ, அதில் பிள்ளை பல்லக்கில் வருவதை ட்ரோன் மேலேயிருந்து எடுத்திருக்கும். பிறகு மத்தியானச் சாப்பாடு. வாசலில் வைத்து, தேத்தண்ணி குடிக்காமல் போறதோ என்ற கேள்வி.

சிவப்புக் குடை நகரத் தொடங்கியது.

"நீங்கள் போட்டு வாங்கோ," என்றாள். "நான் பாக்கப் போறன்."

"தனியவோ?" அவள் உடுப்பில்லாமல் போகிறேன் என்று சொன்னதுபோல ஜெயரட்ணம் கேட்டார். "பாக்கிறவை என்ன சொல்லுவினம்?"

யோகராணியின் முகம் கறுத்தது. "மச்சாள் அவுஸ்ரேலியா போனாப்பிறகு பெரிய ஆள்தான்."

"ஓம்," என்றாள் கமலேஸ்வரி.

அவள் பாலத்தைத் தொடுமுன் செய்தி சிட்னியில் மெரிலேண்ட்ஸ் மாமி வீட்டைத் தொட்டிருக்கும். மெல்பேர்னில் த பேசின் பிள்ளையார் கோயிலில் அன்னதான வரிசையில் இவள் வந்ததும் பேச்சு நிற்கும். நிற்கட்டும். சுவிஸுக்குப் போய்வந்து அங்கே கத்தரிக்காய் நல்லாயில்லை என்று மட்டும் சொல்லத் தெரிந்த சனம்.

நகரம் அவளுக்காக ஒன்றும் அலங்கரித்துக்கொண்டு நிற்கவில்லை. தேவாலயத்தின் ஒரு பக்கத்தைச் சாரம் கட்டித் துணியால் மூடியிருந்தார்கள். வழிகாட்டி சொன்ன பகிடிகள் உமாசுதனின் பகிடிகளைவிட மேல் என்று சொல்லமுடியாது. கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, கமலேஸ்வரி கூட்டத்தைப் போகவிட்டாள். ஒடுங்கிய சந்துகளில் இரண்டு தரம் வழிதவறினாள், தேடிக்கொண்டு ஒருவரும் வரவில்லை. மழை பிடித்தது. கல்பாலத்தின் நடுவில் நின்று, கீழே ஆறு தூண்களில் மோதிச் சுழித்துப் போவதை ஆசைதீரப் பார்த்தாள். பிறகு ஒரு கடையில் கைப்பான கோப்பி குடித்தாள். இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று யாரும் கேட்கவில்லை.

கப்பலின் ஏறுபலகையைத் தூக்கும் நேரத்தில்தான் ஜெயரட்ணம் கறிவாசத்தோடு வந்து சேர்ந்தார். அறையில் உடுப்பு மாற்றும்போது கேட்டார்.

"அப்பிடி என்னத்தைப் பெரிசாப் பாத்தனீர்?"

முதல்தரமாக ஒரு நகரத்தைப்பற்றிச் சொல்ல அவளிடம் ஏதோ இருந்தது. அதை இந்த மனிதரிடம் சொல்லி வீணாக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "வியன்னாவிலை பெரியப்பான்ரை மூத்தவன் ஜெகதீஷ் வாறானாம்," என்றார்.

"ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்கச் சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டு, கமலேஸ்வரி நனைந்த காலுறைகளைப் பிழிந்து காயப்போட்டாள்.