பெரோகியின் வயிறு

கனடாவின் வின்னிபெக் குளிரில் இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் லொரெய்ன் ஹ்ரிசாக். எஞ்சினைச் சூடேற்றும் வயரை இரவெல்லாம் மின்சாரத்தில் சொருகி வைக்காவிட்டால் காலையில் வண்டி அசையாது. சொருகு, சூடாகட்டும். அவளுக்குத் தெரிந்த வேதம் அதுதான்.

ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்கு ஒரு வளர்ப்பு மலைப்பாம்பின் மேல் பாசம் வந்தது. அவள் வீட்டில் செய்யும் பெரோகி என்ற கொழுக்கட்டைபோலச் சுருண்டு படுக்கும் என்பதால் அதற்கும் பெரோகி என்றே பெயர். கண்ணாடிப் பெட்டியின் ஒரு பாதிக்கு அடியில் சூடேற்றும் பாய். தரை முப்பத்திரண்டு டிகிரியைத் தொட்டதும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்திவிடும்.

நிறுத்துவதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. பெட்டியின் கண்ணாடி ஜில்லென்று இருக்க, தெர்மோஸ்டாட்டின் விளக்கு அணைந்து கிடந்தது.

"இந்தக் குளிருல ஓய்வு கேக்குதா உனக்கு, சோம்பேறி!" என்று அதைக் கழற்றிவிட்டு, பாயை நேரே சுவரில் சொருகினாள்.

"நேரா சொருகாதேன்னு பாய் வந்த அட்டையில போட்டிருந்துச்சே," என்றார் கணவர் வால்டர்.

"உன் காரையும் நான்தானே சொருகுறேன். வெடிச்சா போச்சு?"

அடுத்த இரண்டு நாளும் பெரோகி பாய்ப் பக்கத்தைவிட்டு நகரவில்லை. லொரெய்னுக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் நாள் தூக்கினாள். வயிறு சிவந்து கொப்பளித்திருந்தது.

"தரையில கை வச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார் கால்நடை மருத்துவர்.

"கண்ணாடியத் தொட்டேன். ஜில்லுன்னு இருந்துச்சு."

"மேல குளிருதுன்னு அது கீழயே ஒட்டிக்கிட்டு கெடந்திருக்கு. வயிறு வேகுறது பாம்புக்குச் சட்டுன்னு உறைக்காது. பொழைக்குமான்னு இப்ப சொல்ல முடியாது."

லொரெய்ன் காருக்குள் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். மறந்துபோய்க் குளிரில் விட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அக்கறைப்பட்டல்லவா சுட்டிருக்கிறாள்!

அன்றே தெர்மோஸ்டாட்டை மாட்டி, சூட்டை அளக்கும் அதன் முனையைப் பாயோடு ஒட்டினாள். குளிர் தாக்காமல் பெட்டியைச் சுற்றி நுரை அட்டை வைத்தாள். தினமும் புண்ணுக்கு மருந்து போட்டாள். பெரோகி இரண்டு முறை தோலுரித்தது. வயிற்றில் வெளிறிய தழும்பு மட்டும் நின்றுவிட்டது.

அடுத்த ஜனவரியில் மைனஸ் நாற்பது.

"லொரெய்ன், விளக்கு அணைஞ்சிருச்சு. நேரா சொருகிடவா?" வால்டர் சீண்டினார்.

பழகிய கை தானாகவே சுவர்ப் பக்கம் நீண்டது. அதை இழுத்துப் பெட்டிக்குள் விட்டு, உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். இளஞ்சூடு. பக்கத்தில் பெரோகி சுருண்டிருந்தது.

"விடு," என்றாள். "தெர்மோஸ்டாட் அதோட வேலையத்தான் செய்யுது."