சங்கிலியைக் கழற்றாத கை

எங்கள் அப்பா இந்தத் தீவில், பம்பூபிளாட் கரையில் பிறந்தவர். அங்கிருந்து எதிர்க்கரை சாத்தத்துக்கு ஆட்களோடு வண்டிகளையும் ஏற்றிப் போய்வரும் வண்டிப் படகிலேயே வேலை பார்த்தவர். கடைசி வண்டி ஏறியதும் படகு வாசலில் சங்கிலி மாட்டுவது அவர் பொறுப்பு.

முதலாண்டு நினைவு மலரில் அவர் படத்தின் கீழ் ‘அஞ்சாநெஞ்சர்’ என்று போட வேண்டும் என்றார் சித்தப்பா. நான் சிரித்துவிட்டேன்.

“பல்லியப் பார்த்தா கட்டில் மேல ஏறுவாரே, அவரா சித்தப்பா?”

“இதுலயும் கிண்டலாடா? அந்த வார்த்தை பொருந்துமா இல்லையான்னு நீயே எழுது. படிச்சிட்டு பிரஸ்ஸுக்குச் சொல்றேன்.”

எட்டாவதோடு நின்றவன், தெரிந்தவரை எழுதுகிறேன்.

ஒரு மழைநாள். பள்ளி விட்டு அப்பாவோடு படகில் நின்றேன். படகு நிறைந்து, அப்பா சங்கிலியை மாட்டிவிட்டார். அப்போது ஓர் அதிகாரியின் ஜீப் வந்தது.

“சாப் பைட்டே ஹை! சங்கிலி கோலோ!” என்று இந்தியில் கத்தினார் டிரைவர். ஐயா உள்ளே இருக்கிறார், சங்கிலியைக் கழற்று என்று அர்த்தம்.

“ஜகா நஹி, சாப். இடமில்ல. காத்து வேற அடிக்குது. அடுத்த படகுல வாங்க.”

அதிகாரியே இறங்கினார். “மாத்தல்ல கேம்பல் பே போறியா?”

“அனுப்புங்க சாப். இப்ப ஏத்த முடியாது.”

படகு நகர்ந்தது. அப்பாவின் முழங்கால் வெடவெடவென்று ஆடியது.

“என்னப்பா, காலு டான்ஸ் ஆடுது?”

“ஆடட்டும்டா. கை ஆடலல்ல?”

சங்கிலியை அப்போதும் அவர் விடவில்லை.

சொன்னபடியே கேம்பல் பேக்கு மாற்றல் வந்தது. கப்பலில் போய்ச் சேரவே நாளாகும் தீவு. கண்டிக்க ஆளில்லாமல் நான் பள்ளியை விட்டேன். அவர் திரும்பி வந்ததும், “ஒரு ஜீப்ப ஏத்தியிருந்தா நான் படிச்சிருப்பேன்ல?” என்று குத்திக் கேட்டேன்.

“படிச்சிருப்ப,” என்றார். “அதாண்டா எனக்கும் வலிக்குது. ஆனா அன்னிக்கு படகு நெறைய ஆளு இருந்தாங்க.”

அதற்குப் பிறகு நான் அதைக் கேட்டதில்லை.

கடைசி நாட்களில் ஊசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொள்வார். சங்கிலியைப் பிடித்த அதே பிடி.

அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்த படகுத் தோழர்களுக்கும், பதினாறு நாளும் சோறு அனுப்பிய பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அந்த ஜீப்பும் அடுத்த படகில் பத்திரமாகக் கரை சேர்ந்தது.

சித்தப்பா, அந்த வார்த்தையைப் போடச் சொல்லுங்கள். பல்லியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.