மரத்தடியில் சொல்லாத பெயர்

வாரத்தில் ஆறு நாள் லேத் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மரக்கிளை வெட்டும் வேலை. ஓட்டுமேல் சாய்ந்த கிளை, கரண்ட் ஒயரை உரசும் கொப்பு என்று யாராவது கூப்பிட்டால் போவோம். நாங்கள் இரண்டே பேர். கூட வருகிறவர் மரம் ஏறி அறுப்பார், நான் கீழே நின்று வடக்கயிறு பிடித்து அறுத்த கிளையை மெதுவாக இறக்குவேன். ஆடிக் காற்றில் அம்மியே நகரும் என்பார்கள். கணவாய்க் காற்று வீசும் கோயமுத்தூரில் மரத்தைப் பற்றிக் கேட்கவா வேண்டும்?

போன ஆடிக்குக் கொஞ்சம் முன்னால், ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீட்டுக்காரர், இன்சூரன்ஸ் இருந்தால்தான் கேட்டைத் திறப்பேன் என்று சொல்லிவிட்டார். எங்கள் தெருவிலேயே இருக்கும் ஏஜென்ட் அம்மாவிடம் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். பாலிசியில் இரண்டு விதம் இருந்தது. கிளை விழுந்து அடுத்தவர் சுவரோ காரோ ஆளோ சேதமானால் கொடுப்பது ஒன்று. வேலை செய்கிற ஆளுக்கே அடிபட்டால் கொடுப்பது இன்னொன்று. வீட்டுக்காரர் கேட்டது முதலாவதைத்தான். அது போதும் என்று எழுந்தேன். மனைவி எழவில்லை. சுவர் இடிந்தால் கட்டிக்கொள்ளலாம், மேலே ஏறுகிற மனுசனுக்கு ஒன்று ஆனால் அவர் வீட்டில் போய் என்ன சொல்வாய் என்று கேட்டாள். நியாயமான கேள்விக்குக் கோபப்படுவது என் வழக்கம். கோபப்பட்டுவிட்டு இரண்டையும் எடுத்தேன். இரண்டாவதற்கு ஆளின் பெயரை எழுத வேண்டும், எழுதிய பெயருக்குத்தான் பணம் வரும் என்றார் ஏஜென்ட்.

பேனாவைத் திறந்த பிறகுதான் உறைத்தது. எட்டு வருஷமாகக் கூட வேலை செய்கிறவரின் பெயர் எனக்குத் தெரியாது. போனில் ‘மரம்’ என்று போட்டு வைத்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம், ‘ஏனுங்க’ என்று ஒரு சொல் இருக்கும் ஊரில் பெயரில்லாமலே ஆயுசை ஓட்டிவிடலாம். போதாததற்கு அவரே முதல் நாள் ஒரு சட்டம் போட்டிருந்தார். மரத்தடியில் யார் பெயரையும் யாரும் சொல்லக் கூடாது. நான் அதைக் கிண்டலடித்துக்கொண்டே எட்டு வருஷம் கடைப்பிடித்திருந்தேன்.

ஃபாரத்தை எடுத்துக்கொண்டு டீக்கடையில் அவரைப் பிடித்தேன். பெயரைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவர் வளர்ந்தது வால்பாறையில், எஸ்டேட் லைன் வீட்டில். அவரும் அவர் அண்ணனும் தேயிலைக்கு நடுவே நிற்கும் நிழல் மரங்களில் கொப்பு கழிக்கும் வேலைக்குப் போவார்களாம். ஒருநாள் அண்ணன் உச்சியில் இருந்தபோது யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வாரேன் என்று சொல்லித் திரும்பியவர் கைப்பிடி நழுவி விழுந்து இறந்துபோனார். கூப்பிட்டது யார் என்று விசாரித்ததில், கீழே நின்றவர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவே இல்லை என்று தெரிந்தது. கீழே நின்றவர்களில் இவரும் ஒருவர்.

“எம்பேரு வேண்டாமுங்க. காயிதத்துல எழுதிப்போட்டா, நாமளே அதுக்கு எடுத்துக் குடுத்தாப்புல ஆயிரும்” என்றார்.

எது என்று நான் கேட்கவில்லை. எரிச்சல்தான் வந்தது. வீட்டுக்காரர் போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். மரம் ஏறுபவர் என்ற இடத்தில் என் பெயரையே முன்னெழுத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவரிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை.

ஆர்.எஸ்.புரத்து மரம் பழைய தூங்குமூஞ்சி மரம். வீட்டுமேல் குடையாகப் படர்ந்திருந்தது. நாங்கள் போனது ஆடி மாதத்து ஞாயிறு. அன்று பார்த்து ஒரு இலைகூட அசையவில்லை. பகல் பன்னிரண்டு மணி இருக்கும். பாதி கிளை அறுபட்டதும் அவர் அறுக்கும் மிஷினை நிறுத்தினார். அந்தத் தெருவில் எப்போதும் ஓடும் வண்டிச் சத்தமும் இல்லை. இலைகள் வெயிலிலேயே மடங்க ஆரம்பித்திருந்தன. அந்த மரம் சாயங்காலம் தூங்கும் என்று எனக்குத் தெரியும், பட்டப்பகலில் தூங்கிப் பார்த்ததில்லை.

அப்போது மேலேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

வீட்டில் கூப்பிடும் பெயர் இல்லை. முன்னெழுத்தோடு, ஃபாரத்தில் எழுதியிருந்ததைப் பார்த்துப் படிப்பதுபோல. பள்ளிக்கூடத்தில் வருகை எடுத்த பிறகு என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. நான் யோசிக்கவே இல்லை. “வாரேனுங்க” என்று சொல்லி, கயிற்றை கேட் கம்பத்தில் சுற்றிவிட்டு மரத்தடிக்கு நடந்தேன். நாலு எட்டு வைத்திருப்பேன். அவர் அறுத்த கிளை அப்படியே நிற்க, அதற்கும் மேலே எங்கோ இருந்த பட்டுப்போன கொப்பு ஒன்று என் தோளில் விழுந்தது.

அவர் இறங்கி வந்ததைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. எதற்கு மரத்தடிக்கு வந்தீர்கள் என்று கேட்டார். நீங்கள்தானே பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்றேன்.

“உங்க பேரு எனக்குத் தெரியாதுங்களே” என்றார்.

காறை எலும்பு முறிந்திருந்தது. பணம் ஒழுங்காக வந்தது, பெயர் சரியாக இருந்ததல்லவா. பணத்தோடு வந்த காகிதத்தைப் படித்துத்தான் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. அந்தக் கொப்பு அவர்மேல் விழுந்திருந்தால் அவர் பெண்டாட்டி பிள்ளைக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. மனைவி திட்டவில்லை, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வலியைவிட அதுதான் தூங்கவிடவில்லை. பெயரைத் தராவிட்டால் உங்களை ஏற்ற மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

கட்டு அவிழ்த்த மறுநாள் காலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் வேப்பமரத்தடியில் நின்று, நாலாக மடித்த ஆதார் ஜெராக்ஸை நீட்டினார். மனைவி சொல்லி அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போடச் சொன்னார்.

“கூப்புட்டா நான் திரும்ப மாட்டனுங்க. முப்பது வருசப் பழக்கம். உங்களுக்கு அது இல்லீங்க” என்றார்.

ஏஜென்டுக்குப் போன் போட்டேன். பெயரைச் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன் என்றார். காகிதத்தைப் பிரித்தேன். படித்தேன். எட்டு வருஷம் கிண்டலடித்த நான், தலைக்குமேல் இருந்த வேம்பை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் கையைப் பிடித்து நடுரோட்டு வெயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே நின்று, போனை வாயோடு சேர்த்து வைத்து, மெதுவாகச் சொன்னேன். உங்கள் பெயரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார் ஏஜென்ட். வேண்டாம், இரண்டும் இருக்கட்டும் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

வேப்பமரத்துப் பக்கமிருந்து அவருடைய அந்தப் பெயர் வந்தது. ஒரே ஒரு முறை, முன்னெழுத்தோடு.

அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். என் கை இன்னும் அவர் மணிக்கட்டில் இருந்தது, அதை நான் விடவில்லை.

“கேட்டுச்சுங்க” என்றார். “இப்படியே நேரா பாத்து நடங்க. டீ குடிச்சுப்போட்டு வரலாம்.”