சவுக்காரம் தின்ற தண்ணீர்

ஒரு பானைத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் தன் நல்ல பெயர் திரும்பிவிடும் என்று தெரிந்தும், ஒருத்தி அதைச் செய்யாமல் ஏழு வருடம் இருப்பாளா? சண்முகவடிவு இருந்தாள்.

இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், 1954இல், தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி வீட்டுக்குப் பாறை ஊற்றிலிருந்து புதுக் குழாய் போட்டார்கள். அதே மாதம்தான் அவள் அங்கே சமைக்கவும் துணி துவைக்கவும் சேர்ந்தாள். துணிக்குப் போடும் சவுக்காரக் கட்டிகள் இரண்டு மடங்கு வேகமாகக் கரைந்தன. கிராணியின் மனைவி ஜெயலெட்சுமிக்குப் புதுக் குழாய்மேல் சந்தேகம் வரவில்லை, புது வேலைக்காரிமேல் வந்தது. ஒரு மாலை, பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டுத் திரும்பும் பெண்கள் பார்க்க, அவளை வாசலில் நிறுத்தி மடியை அவிழ்க்கச் சொன்னாள். வெற்றிலைதான் இருந்தது.

"இன்னைக்கு இல்ல, அவ்வளவுதான்," என்றாள் ஜெயலெட்சுமி.

வேறு ஆள் கிடைக்காததால் வேலையை விட்டு நிறுத்தவில்லை. தினமும் மடியைப் பார்த்தாள். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் சண்முகவடிவின் பெயர் சவுக்காரக்காரி என்று ஆனது. ஓடைத் தண்ணீர் விழும், எல்லோரும் குளிக்கும் பீலியில், பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அம்மாக்கண்ணு கேட்பாள்:

"ஏன்க்கா, கிராணி வீட்டுக் கட்டி நல்லா நுரைக்குதே! எனக்கும் ஒரு துண்டு கொண்டாங்களேன்."

உண்மையில் அது சண்முகவடிவு காசு கொடுத்துக் கடையில் வாங்கிய கட்டி. பீலித் தண்ணீரில் மட்டும் அது ஏன் இப்படி நுரைக்கிறது என்று அவள் யோசித்தாள். மறுநாள் கிராணி வீட்டில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டாள். அடியில் வெள்ளையாகப் படிந்தது. மேலே தெளிந்ததில் கட்டியைத் தேய்த்தாள். கை நிறைய நுரை. யாரையும் கூப்பிடாமல் அதைச் சாக்கடையில் கொட்டினாள்.

பருப்பை எப்போதும்போல், அது வேகாத அந்தக் குழாய்த் தண்ணீரிலேயே போட்டாள்.

"இது பருப்பா, சல்லிக்கல்லா? ஒரு வேலைக்காரிய வச்சு வேல வாங்கத் தெரியல ஒனக்கு!" என்று கிராணி தன் மனைவியைத் திட்டுவதைச் சண்முகவடிவு கதவுக்குப் பின்னால் நின்று கடைசிவரை கேட்பாள். ஜெயலெட்சுமியின் வெள்ளைச் சேலைகள் சாம்பல் நிறமாகிவர, அவளே அவற்றைக் கொடியில் உலர்த்தினாள்.

இதை வீரம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. தண்ணீரின் குறையைச் சொல்லாமல், கள்ளி என்ற பெயரைத் தினமும் சுமந்தால்தான் அந்தப் பருப்பு வேகாமல் இருக்கும். அந்த விலையை அவள் தெரிந்தேதான் கொடுத்தாள்.

1961இல் கிராணி குடும்பம் ஹட்டனுக்கு மாறிப்போனது. இரண்டு மாதம் கழித்து ஜெயலெட்சுமி பஸ் ஏறி நேரே பீலிக்கு வந்தாள்.

"சண்முகம், தண்ணிதான்டி கோளாறு. ஹட்டன்ல பாதிக் கட்டி போதுது. நீ ஒண்ணும் எடுக்கல, நான்தான் பாவி. மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லு."

அம்மாக்கண்ணு ஈரத் துணியோடு அப்படியே நின்றாள். ஏழு வருடப் பெயர் ஒரு தலையசைப்பில் போய்விடும்.

சண்முகவடிவு சேலையைப் பிழிந்து முடித்தாள்.

"தண்ணி மேல பழி போடாதீங்கம்மா. நான்தான் எடுத்தேன்," என்றாள்.

கேட்டு வந்த மன்னிப்பு கிடைக்காமலே ஜெயலெட்சுமி திரும்பிப் பஸ் ஏறினாள். ஏனென்று சண்முகவடிவு கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.