"ஆர்?" என்று கேட்ட சுவர்

சின்னவள், நேற்று நீ அழுதாய். குளியலறைக் கதவைத் தட்டினாய், உள்ளே பல் விளக்கிக்கொண்டிருந்த அக்கா "ஆர்கிள்விட்!" என்று கத்தினாள். "நான் ஒருத்தரையும் கிள்ளேல்லை அப்பா!" என்று என்னட்ட ஓடி வந்தாய். அது ஒரு சுவரில் இருந்த சொல்லம்மா. அந்தக் கதையை உனக்காக எழுதுகிறேன்.

போன பள்ளி விடுமுறையில் நீ அன்ரி வீட்டில் நின்றாய். அக்காவை நான் பெயின்ற் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மெல்பனுக்கு வெளியே, முந்தித் தங்கம் தோண்டிய ஊர். தங்கம் தேடி வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த சனம் கட்டிய தேவாலயத்தில்தான் வேலை. இங்கிலாந்து அரசின் சபையோடு சேராமல் தனியாக நின்று கும்பிட்டவர்கள். இப்போது அங்கே கும்பிட ஆளில்லை. ஒரு சோடி வாங்கி வீடாக்குகிறார்கள்.

அக்கா வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். "சாமி எங்கயப்பா?"

சிலுவையும் இல்லை, சிலையும் இல்லை. முன்சுவரோடு ஆளைவிட உயரமாக ஒரு பிரசங்க மேடை. அதன் காலடியில், சபைப் பெரியவர்கள் சனத்தைப் பார்த்தபடி இருக்க ஒரு வளைந்த வாங்கு. மற்ற மூன்று பக்கமும் மாடி. மாடி முகப்பில் மணிக்கூடு, அதுவும் மேடையில் நிற்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

"கனக்கக் கதைக்கிற ஆளுக்கு," என்றேன்.

"அப்ப எங்கட வீட்டிலயும் ஒண்டு மாட்டுவம், உங்களுக்கு."

கட்டடம் முழுக்கச் சொல் கேட்பதற்காகவே கட்டியது. தும்மினால் மாடியும் தும்மும்.

மேடைக்குப் பின்னால் சுவரில் மங்கிய எழுத்துகள் இருந்தன. வெள்ளை அடித்து மூடினேன். அடுத்த நாள் காலை இரண்டு இங்கிலிஷ் எழுத்து மேலே வந்து நின்றன. கூட்டி வாசித்தால், ஆர்.

பிரஷைக் கீழே வைத்தேன். ஊரில் சண்டைக் காலத்தில் கதவைத் தட்டினால் யாரென்று உள்ளேயிருந்து அப்படித்தான் கேட்போம். "ஆர்?" தெரிந்த பெயர் வந்தால்தான் திறப்போம். ஒருமுறை கேட்டோம், பதில் வரவில்லை. அது ஆரென்று இன்றுவரை தெரியாது.

பழைய பெயின்ற் ஊறி வருவது புதினமில்லை, முதலில் எண்ணெய்ப் பிறைமர் என்ற அடிப்பூச்சு அடித்தால் நிற்கும். தெரிந்தும், மிச்சம் என்ன வருமென்று பார்க்க, இன்னொருக்கால் வெள்ளையே அடித்தேன். மறுநாள் முழுச்சொல்லும் வந்துவிட்டது.

"ஸ்பெல்லிங் பிழையப்பா. முதல் எழுத்தை விட்டால் வவலே, உயிரெழுத்தே காணேல்லை!" அக்கா மேடையில் ஏறி வாசித்தாள். "ஆர்... கிள்... விட்!" மாடி, "விட், விட்" என்றது.

"ஆர் கிள்ளிவிட்டதெண்டு கேக்குது," என்றேன். சிரித்தோம். பிறகு அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லாமல் மூடப் போறீங்களோ?"

வீட்டுக்காரரிடம் விசாரித்தேன். ஃபோனில் தட்டிப் பார்த்தார். வேல்ஸ் மொழியில் "ஆண்டவர்" என்று அர்த்தமாம். நல்ல சொல்தான், ஆனால் அது இனிச் சமைக்கிற குசினிச் சுவர், வெள்ளையாக இருக்கட்டும் என்றார்.

பிறைமர் ரின்னைத் திறந்தேன். "பொறுங்கோ," என்றாள் அக்கா. மேடையில் நின்று, சுவரைப் பார்த்துத் தன் முழுப்பெயரைச் சொன்னாள். பிறகு என் பெயர், அம்மாவின் பெயர், உன் பெயர். மாடி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னது.

"இப்ப அடியுங்கோ."

அடித்தேன். பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. எழுத்து திரும்பவும் வந்ததோ தெரியாது.

ஆனால் கதவைத் தட்டினால் அக்கா இப்போது அந்தச் சுவர்ச் சொல்லால்தான் "ஆர்?" என்று கேட்கிறாள். அழாதை. உன் பெயரைச் சொல்லு. திறப்பாள்.