ஏரிக்கரை முடிச்சுகள்

மிளகு பறிக்கக் கொல்லிமலை ஏறியபோது தோட்டத்துக்காரர் படுக்கக் கொட்டகை கொடுத்தார். "புகார் ஒண்ணு வந்தாலும் கீழ போற பஸ்ஸுதான், பாத்துக்கோ" என்றார். மூன்று ஊர்களிலிருந்து அப்படிப் போயிருக்கிறேன். அதனால் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டேதான் நடப்பேன்.

விடிந்ததும் வேலைக்கு முன் ஏரிக்கரைக்குப் போவேன். தொட்டாற்சுருங்கியைக் காலால் தடவி, அது இலை மூடுவதைப் பார்ப்பேன். அதுவும் ஆளை நம்பாத செடி. ஆள்காட்டிக் குருவியோ, நான் நிற்கிற இடத்தை ஊருக்கே கத்திச் சொல்லும்.

ஒரு நாள், வல்லாரை படர்ந்த ஈரத்தைச் சுற்றிக் கோரைத்தாள்கள் முடிச்சுப் போட்டுக் கிடந்தன. முந்தின நாள் நான் குந்தியிருந்த இடத்தில்கூட ஒன்று. யாரோ என்னைக் குறி வைக்கிறார்கள். செய்வினையாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன்.

மறுநாள் கரையில் ஓர் அம்மா, வெறும் கூடையோடு, கீரையைப் பறித்துவிட்ட இன்னொருத்தியைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைச் செம்மேட்டுச் சந்தைக்கு வெச்சிருந்த வல்லாரை. முடிச்சுப் போட்டது கண்ணுக்குத் தெரியலையா?"

"முடிச்சே இல்லீங்க. இருந்தா நான் தொடுவேனா?"

"பொய்யி வேற!"

கோரையில் முடிச்சு இருந்தால் அந்தக் கீரை இன்னொருவருடையது என்பது அப்போதுதான் புரிந்தது. பறித்தவள் பழியோடு நடந்தாள். அந்த நடை எனக்குத் தெரியும்.

"நாந்தாங்க அவுத்தேன்."

இருவரும் திரும்பினார்கள். காரணத்தையும் சொன்னேன்.

"உங்களை எதுக்குங்க குறி வைக்கோணும்? என்ன இருக்குது உங்ககிட்ட?" என்றார் அந்த அம்மா. பழி சுமந்தவள் சிரித்துவிட்டாள்.

"தோட்டத்துக்காரர்கிட்டச் சொல்லிடாதீங்க."

"அக்கரைச் சேத்துல இன்னுங் கெடக்குது. அட்டை கடிக்கும். கூடை ரொம்பட்டும், பொறவு யோசிக்கறேன்."

வெயில் ஏறும்வரை பறித்தேன். கணுக்காலில் நான்கு அட்டைகள். நான் கொடுத்த ஒவ்வொரு பிடியையும் அவர் பிரித்து, வேறு தழை கலந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் கூடையில் போட்டார். மீதிக் கீரையைச் சுற்றி முடிச்சுப் போடச் சொன்னார். போட்டேன்.

தோட்டத்துக்காரரிடம் சொல்வாரா என்று கேட்டேன். அந்த அம்மா குனிந்து, என் முடிச்சுகளை அவிழ்த்துவிட்டுத் தானே மறுபடி போட ஆரம்பித்தார்.