தோளில் ஒரு வெள்ளிப் புரோச்

ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி அவிக்கும் பகுதியில் என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரச் சிநேகிதி, ஓய்வு பெற்ற அன்று உடையில் குத்திக்கொள்ளும் தன் தாயின் புரோச்சை என் கையில் தந்தாள். வெள்ளியில் ஒரு வண்ணத்துப்பூச்சி, சிறகு முழுக்க நீல எனாமல். எனாமல் என்றால் எனக்குத் தேத்தண்ணீர்க் கோப்பைதான் தெரியும்.

அதன் கதையை வேலைக்கு நடுவில் பலமுறை கேட்டிருந்தேன். இங்கிலாந்தில், பர்மிங்ஹாமில் தாய் வேலை செய்த ஒரு பட்டறை. முதலில் வெள்ளிப் பொத்தான் செய்தார்களாம், பிறகு புரோச். பெண்கள் வரிசையாக இருந்து, எனாமலுக்கான கண்ணாடித் தூளை ஈரமாக இறகு முனையால் வெள்ளிக் குழிகளில் நிரப்பி, உலையில் வைத்துச் சுட்டெடுப்பார்கள். யுத்தம் வந்ததும் பட்டாளத்துக்குச் சின்னங்கள் செய்தார்கள். பின்னர் மலிவு நகைகள் வந்து குவிய, பட்டறையை மூடிவிட்டார்கள். தாய் கப்பலேறி மெல்பேர்ண் வந்துவிட்டார். "இந்த நீலம் அம்மா வைத்தது" என்னும்போது மட்டும் சிநேகிதியின் குரல் இறங்கும்.

என் மகளின் கலியாணம் கேரம் டவுன்ஸ் கோயில் மண்டபத்தில். சிநேகிதியும் வருகிறாள். சேலையில் புரோச் இல்லாவிட்டால் ஏன் என்று கேட்கமாட்டாள், ஆனால் மனம் நொந்துபோவாள். எனக்கு அதுதான் பயம். எங்கள் ஆட்களோ வெள்ளியை இடுப்புக்கு மேலே போடமாட்டார்கள். காலுக்குக் கொலுசு, மெட்டி, அவ்வளவுதான். பெண்ணின் தாயே வெள்ளியோடு நின்றால் சனம் சும்மா விடுமா? என் மனுசன், "தங்க முலாம் பூசிப் போடுமன்" என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. "உங்கட தலைக்குப் பூசுங்கோ" என்றுவிட்டு, அப்படியே குத்திக்கொண்டு போனேன்.

ரோவிலில் எங்கள் தெருவில் இருக்கும் அன்ரி மண்டப வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்ன பிள்ளை, காலில போடுறதைத் தோளில போட்டிருக்கிறீர்?"

பக்கத்தில் நின்ற சிநேகிதி, என்ன சொல்கிறார் என்று கேட்டாள். "யார் செய்தது என்று கேட்கிறா" என்று ஆங்கிலத்தில் புளுகினேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு பொத்தான், உலை, யுத்தம், கப்பல் எல்லாம் சொன்னாள். அன்ரிக்கு என்னைவிட நல்ல ஆங்கிலம் வரும். என் புளுகு அவருக்கு விளங்காமலா? என்னை ஒரு பார்வை பார்த்தார், காட்டிக்கொடுக்கவில்லை. சிறகைக் குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகத் தமிழில் கேட்டார்: "தாயின்ர சாமானை ஏன் உமக்குத் தந்தவ? பிள்ளையள் இல்லையோ?"

"இப்போது என்ன கேட்கிறா?" என்றாள் சிநேகிதி.

திரும்பவும் புளுக எனக்கு மனம் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"எனக்கு யாருமில்லை" என்றாள். "நான் செத்த பிறகு ஏதாவது பழைய சாமான் கடையில் கிடக்கும். இவள் என்றால் போடுவாள் என்று நினைத்தேன்."

அன்ரி அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய், பெண்ணின் பெரியம்மாக்கள் இருந்த வரிசையில் இருத்தினார். மகளுக்கு அறுகரிசி தூவி வாழ்த்தும் நேரம் வந்தபோது, "பெரியம்மா வரட்டும்" என்று அவளை எழுப்பிவிட்டார்.